நாற்பத்தொரு கொசு

தோபாத்தி,
செவ்வாய்க்கிழமை தொடங்கியது.

என் மரியாதைக்கும் அன்புக்கும் உரிய மூத்த அக்கா ஹெர்மினியாவுக்கு, தம்பி தியோஃபிலோ தன் சொந்தக் கையால் எழுதிக்கொள்வது. இங்கே நானும், மகள் நிமியாவும், மாப்பிள்ளை ஓஸ்மாரும், பேத்தி மைதேயும் உடம்பளவில் சௌக்கியம். புவெனஸ் ஐரிஸில் நீயும் உன் பிள்ளைகளும் உன் முழங்காலும் அதேபோல் இருக்க காகுபே மாதாவை வேண்டிக்கொள்கிறேன்.

மேலே "சொந்தக் கையால்" என்று எழுதியிருக்கிறேன் பார், அதை இன்னொரு தடவை படி. நானே மூன்று தடவை படித்துவிட்டேன், ஒவ்வொரு தடவையும் அதுவே இருக்கிறது. அறுபத்தொன்பது வயது வரைக்கும் கட்டை விரலை மையில் தொட்டு வைத்த ஆள், இன்றைக்குப் பேனா பிடித்து உனக்கு எழுதுகிறேன். மாதா கோயில் கூடத்தில் திங்கள், புதன், வெள்ளி சாயங்கால வகுப்பு. எட்டு மாதம் ஆகிறது. பேனா செங்கல்லைவிடக் கனம், அதனால் ஒரு நாளைக்கு ஒரு பக்கத்துக்கு மேல் கை போவதில்லை. நீயும் மெதுவாகவே படி.

இதற்கு முன்னால் உனக்கு வந்த கடிதங்களெல்லாம் நான் சொல்ல நிமியா எழுதியவை. அதனால்தான் அவற்றில் நிமியாவும் மாப்பிள்ளையும் அவ்வளவு நல்லவர்களாக இருந்தார்கள். இது யாரும் பார்க்காமல் எழுதும் முதல் கடிதம். ஆகையால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வகுப்பில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்காரும் செஃபெரினா என்ற அம்மாவை எனக்குப் பிடித்திருக்கிறது. அவளுக்கும் என்னைப் பிடித்திருந்தது. மாப்பிள்ளை செய்த ஒரு பெட்டியால் அது கெட்டுப்போய்விட்டது. நீ கடிதம் கண்டதும் பஸ் பிடித்து வந்து, ஒரு பெண் பிள்ளையாக அவளிடம் போய் எனக்காக இரண்டு வார்த்தை பேச வேண்டும். எப்படிக் கெட்டது என்று இனி சொல்கிறேன். சொல்லும்போதே எனக்குப் பதறுகிறது.

மாப்பிள்ளையை உனக்குத் தெரியும். தங்கமான மனுஷன், குடிக்க மாட்டான், அடுத்த வீட்டு வம்புக்குப் போக மாட்டான். வீட்டிலேயே உட்கார்ந்து எங்கேயோ இருக்கிற ஒரு கம்பெனிக்குக் கம்ப்யூட்டரில் எழுதித் தருகிற வேலை. ஆனால் காலையில் காதில் இரண்டு கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எடுப்பான். அப்படி இருக்கும்போது ஒரு நாள் அவனைப் பெற்றவள் காகுபேயிலிருந்து பஸ் ஏறி வந்து கேட்டுக்கு வெளியே நின்று கை தட்டியிருக்கிறாள். நிமியாவும் நானும் சந்தைக்குப் போயிருந்தோம். அந்த அம்மாள் வெயிலில் அரை மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, மகனுக்குக் கொண்டு வந்த கோழியோடு திரும்பிப் போய்விட்டாள். மறுநாள் போனில் மருமகளைப் பிடித்துக்கொண்டாள். போனை வைத்ததும் நிமியா கணவனைப் பார்த்துச் சொன்னாள்: "இன்னொரு தடவ உங்கம்மா வெயில்ல நின்னா, நீங்களும் பக்கத்துல போய் நில்லுங்க. நான் ரெண்டு பேருக்கும் குடை அனுப்புறேன்."

"ஒரு கரண்ட் மணி வெச்சிடுங்களேன் மாப்பிள்ளை" என்று நான் சொன்னேன்.

"மாமா, இந்த ஊர்ல யாரு மணிய அழுத்துவா? மணிக்குப் பக்கத்துல நின்னு கை தட்டுவாங்க" என்றான்.

அது உண்மைதான். மணி பல் டாக்டர் வீட்டில் இருக்கும். மனுஷர் வீட்டில் கை தட்டினால்தான் மரியாதை, உள்ளேயிருந்து "வாங்க" என்று ஒரு குரல் வந்தால்தான் வந்தவர் கேட்டைத் தொடுவார். அதனால் மாப்பிள்ளை பத்து நாள் உட்கார்ந்து ஒரு பெட்டி செய்தான். கேட்டில் ஒரு காது, பின்கட்டு மாமரத்தடியில் ஒரு வாய். யார் தட்டுகிறார்கள் என்று கேட்டில் இருக்கிற காது கண்டுபிடித்து, மாமரத்தடி வாய் பெயரைச் சொல்லும். வீட்டு ஆள் என்றால் கேட் தானே திறந்துகொள்ளும். பேசுவதற்கு நிமியாவின் குரலைக் கேட்டான், அவள் கொடுக்கவில்லை. கடைசியில் எங்கிருந்தோ ஒரு பெண் குரலைப் பிடித்து வந்தான். அது ஸ்பெயினிலிருந்து வந்த டாக்டரம்மா மாதிரி பேசியது. எனக்கு அது பேசும்போதெல்லாம் எழுந்து நிற்கத் தோன்றும்.

அந்தக் காதுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம். ஆளுக்கு இருநூறு தடவை கேட்டில் நின்று தட்டினோம். தன் அம்மாவை மட்டும், எதற்கு என்று சொல்லாமல், மாப்பிள்ளை போனிலேயே தட்ட வைத்தான். மைதே தட்டினாள், பெட்டி "மைதே" என்றது. நிமியா தட்டினாள், கோபமாகத் தட்டினாள், அப்போதும் "நிமியா" என்றது. நான் தட்டினேன். டாக்டரம்மா கொஞ்சம் யோசித்து "பலகை விழுந்தது" என்றாள். நாற்பது வருஷம் சூளையில் செங்கல் தூக்கிய கை அக்கா, உனக்குத் தெரியாதா. இன்னும் இருநூறு தட்டினேன். பலகைதான். மாப்பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டு, "மாமா, கோவிச்சுக்காதீங்க, உங்க கைதட்டல் கைதட்டல் மாதிரியே இல்ல" என்றான். "அப்பா வந்தா நான் பலகைன்னு புரிஞ்சிக்கிறேன், விடுங்க" என்றாள் நிமியா. என் சொந்த மகள்.

அடுத்த வாரம் அவன் அம்மா மறுபடி வந்தாள். தட்டி முடிப்பதற்குள் டாக்டரம்மா "அம்மா வந்திருக்கிறார்கள்" என்று மாமரத்தடியில் முழங்கினாள். மாப்பிள்ளை காதுக் கிண்ணத்தைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடிய ஓட்டத்தை நீ பார்த்திருக்க வேண்டும். அம்மாவை உள்ளே விடாமல் இன்னும் நாலு தடவை தட்டச் சொல்லிக் கேட்டு, கண்ணில் தண்ணீர் விட்டான். அந்த அம்மாளுக்கு மகன் தன்னைப் பார்த்து அழுகிறான் என்று ஒரே சந்தோஷம். யாரும் அவளிடம் விஷயத்தைச் சொல்லவில்லை.

அதற்கப்புறம்தான் கொசுக்காலம் வந்தது. சாயங்காலம் காற்றுக்காக முன்வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிற ஜனங்கள் நாம். ஒரு கொசுவை அடித்தால் "விருந்தாளி வந்திருக்கிறார்". இரண்டு அடித்தால் "விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள்". நிமியா உள்ளேயிருந்து விருந்தாளிக்குக் குடிக்கப் பனிக்கட்டி போட்ட தெரெரேயைத் தூக்கிக்கொண்டு வருவாள், பார்த்தால் நான் என் கழுத்தைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மைதேயின் பிறந்தநாள் வந்தது. முன்வாசலில் மேஜை போட்டு, கேக்கைச் சுற்றி நின்று எல்லோரும் கை தட்டிப் பாடினோம். வீட்டு ஆட்கள் தட்டுகிறோம் அல்லவா, கேட் திறந்தது, மூடியது, திறந்தது, மூடியது. பாட்டு முடிவதற்குள் அடுத்த வீட்டுப் பன்றி உள்ளே வந்து மேஜைவிரிப்பின் நுனியைப் பிடித்து இழுத்துவிட்டது. கேக் போனது. மெழுகுவர்த்தி எரிந்துகொண்டே போனது. நிமியா சத்தம் போடவில்லை. அவள் சத்தம் போடாமல் இருந்தால்தான் நாம் ஓடி ஒளிய வேண்டும், போய்ச் சேர்ந்த அவள் அம்மாவும் அப்படித்தான்.

"இது மனுஷங்க இருக்கிற வீடா, இல்ல உங்க பட்டறையா, சொல்லுங்க" என்றாள்.

"ஒரே ஒரு வாரம் குடு நிமி. கொசுவுக்கும் மனுஷனுக்கும் வித்தியாசம் சொல்லிக் குடுத்துடுறேன்."

"பெட்டிக்கா, உங்களுக்கா?"

ஒரு வாரம் நாங்கள் எல்லோரும் கேட்டுப் பக்கம் நின்று கொசு அடித்தோம். இல்லாத கொசுவையும் அடித்தோம். முந்நூறு தடவை. அதற்கப்புறம் பெட்டி திருந்திவிட்டது. கொசு அடிக்கிற சத்தம் கேட்டால் வாயைத் திறக்காமல், தன் நோட்டில் மட்டும் குறித்துக்கொள்ளுமாம். வீட்டில் அமைதி வந்தது. நிமியா மாப்பிள்ளைக்கு முட்டை அதிகமாகப் போட்டாள். நான்கூட வகுப்பில் அவனைப் பற்றிப் பெருமையாகப் பேசினேன். அக்கா, அந்த அமைதிதான் என்னைக் கெடுத்தது.

செஃபெரினாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ் நிற்கிற இடத்தில் காலையில் சிபா ரொட்டி சுட்டு விற்கிறவள், பத்து வருஷமாகத் தனி ஆள். வகுப்பில் என்னைவிட வேகமாகப் படிப்பாள், ஆனால் நான் ஒரு வரியை முடிக்கிற வரைக்கும் தன் பக்கத்தைத் திருப்ப மாட்டாள். அதில்தான் நான் விழுந்தேன். போன வெள்ளிக்கிழமை துணிந்து, "ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு எங்க வீட்டுக்கு வர்றீங்களா? எம்பொண்ணுகிட்ட உங்களப் பத்திச் சொல்லணும்" என்று கேட்டேன். அவள் பென்சிலை உருட்டிக்கொண்டே, "வர்றேன். ஆனா கேட்டுல ரொம்ப நேரம் நிக்க வெக்காதீங்க, தெரு பூரா பாக்கும்" என்றாள். "எங்க வீட்டுல அந்தக் கவலையே இல்ல, பெட்டி இருக்கு" என்று நான் சொன்னேன். நானே சொன்னேன்.

ஞாயிறு நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மாமரத்தடியில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை, வந்த பிறகு சொல்லலாம் என்று. ரேடியோவில் பந்தாட்டம். மாப்பிள்ளை இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தான். முன்பென்றால் யாராவது ஒருவர் ஒரு காதை வாசலில் வைத்திருப்போம். இப்போது காது கேட்கிற வேலையை எல்லோருமாகப் பெட்டியிடம் கொடுத்துவிட்டோம். நாலு ஆனது, ஐந்து ஆனது. பெட்டி பேசவில்லை. ஆறு மணிக்குச் சட்டையைக் கழற்றி மாட்டினேன். எனக்குக் கோபம்கூட வந்தது. திங்கட்கிழமை வகுப்புக்குப் போனால் அவள் பெஞ்ச் மாறி ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள். வராதவளுக்கு முறைப்பு வேறா என்று நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கிழட்டு முட்டாள்.

இன்று காலை நடந்ததுதான் இடி. எழுத்து பழக வேண்டும் என்று நான் கண்ணில் பட்டதையெல்லாம் படிப்பேன், மாவு மூட்டை, மருந்துச் சீட்டு, எது கிடைத்தாலும். பெட்டியின் முகத்தில் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கிறது, அதில் அதன் நோட்டு ஓடும். அதைத் தள்ளித் தள்ளிப் படித்தேன். ஞாயிறு. நாலு மணி இரண்டு நிமிஷம், கொசு. நாலு மணி மூன்று நிமிஷம், கொசு. கொசு. கொசு. அந்த வார்த்தையைத் தடங்கல் இல்லாமல் படிக்க முடிகிறதே என்று முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. விரல் வைத்து எண்ணினேன். நாற்பத்தொன்று. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது. அந்த நேரம் நாங்கள் எல்லோரும் பின்கட்டில் இருந்தோம். கேட்டில் நின்று நாற்பத்தொரு கொசு அடித்தது யார்?

மாப்பிள்ளையைக் கூப்பிட்டேன். நிமியாவும் வந்தாள். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

"அப்பா, யாருப்பா அந்த அம்மா?" என்று நிமியா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரே பெஞ்சு" என்றேன்.

அவள் என்னை விட்டுவிட்டுக் கணவன் பக்கம் திரும்பினாள். "எங்கப்பாவுக்கு இந்த வயசுல ஒரு துணை வீடு தேடி வந்துது. அதப் போய்க் கொசுன்னு எழுதி வெச்சிருக்கீங்க."

மாப்பிள்ளை பெட்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான். "மாவு பிசையிற கை, மெத்துன்னு இருக்கும்... நான் அத நெனக்கவே இல்ல" என்று முணுமுணுத்தான். பெட்டி கேட்கிற சத்தத்தையெல்லாம் சேர்த்து வைக்குமாம். அவன் எதையோ அழுத்தினான். ஞாயிற்றுக்கிழமை கேட்டுச் சத்தம் அப்படியே வந்தது, அக்கா. முதலில் பத்துப் பன்னிரண்டு தட்டல் சுறுசுறுப்பாக. அப்புறம் இடைவெளி விட்டு விட்டு. நடுவில் தெருவில் யாரோ "யாரும் இல்லையா செஃபெரினா?" என்று கேட்க, "இருக்காங்க, ரேடியோ பாடுதே" என்று அவள் குரல். இன்னும் கொஞ்சம் தட்டல். பிறகு யாரிடமும் இல்லாமல், மெதுவாக, "சிபா ஆறுது" என்றாள். கடைசித் தட்டல் ஒன்று, அது எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அப்புறம் செருப்புச் சத்தம் போய்விட்டது. மூன்று பேரும் பெட்டியைச் சுற்றி நின்றோம். நிமியா ஏப்ரனால் மூக்கைத் துடைத்தாள்.

ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று சொல்லிவிட்டு, பதற்றத்தில் இத்தனை பக்கம் எழுதிவிட்டேன். கை கடுக்கிறது.

வெள்ளிக்கிழமை.

அக்கா, புதன்கிழமை அவள் வகுப்புக்கே வரவில்லை. நான் அன்றைக்கு ஒரு எழுத்தும் எழுதவில்லை, அதனால்தான் உனக்கு ஒரு பக்கம் குறைகிறது. வியாழன் நாலு மணிக்கு மாப்பிள்ளையே வந்து, "மாமா, தப்பு என்னோடது, வாங்க போலாம்" என்று கூப்பிட்டான். சலவைச் சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டேன். அவளுடைய கேட்டில் நின்று நான் தட்டினேன். பதில் இல்லை. ஜன்னல் திரை மட்டும் கொஞ்சம் அசைந்தது. தட்டினேன். தட்டினேன். எதிர்வீட்டு ஆள் வெளியே வந்து, "யாருப்பா அங்க பலகை அடிக்கிறது?" என்று கேட்டுவிட்டு, என்னைப் பார்த்ததும் நாற்காலி எடுத்து வந்து போட்டு உட்கார்ந்தான். அப்புறம் அவன் மனைவியும் வந்தாள். அவள் கையில் தெரெரே.

"மாமா, உள்ள ஆள் இருக்காங்க. அவங்களுக்குக் காது கேக்கலையோ?" என்று மாப்பிள்ளை காதோடு சொன்னான்.

"கேக்குது மாப்பிள்ளை. எண்ணிக்கிட்டு இருக்காங்க."

"நானும் சேந்து தட்டவா? சீக்கிரம் முடியும்."

"நீங்க தட்டுனா கணக்குல சேராது."

முப்பதுக்கு மேல் உள்ளங்கை எரிந்தது. சூளையில்கூட அப்படி எரிந்ததில்லை. நாற்பதில் நிறுத்தி மூச்சு வாங்கினேன். எதிர்வீட்டுக்காரி "இன்னும் ஒண்ணு" என்றாள், அவளுக்கு எப்படித் தெரியுமோ, தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறது. நாற்பத்தொன்றாவதைத் தட்டியதும் கதவு திறந்தது.

"நாப்பத்தொண்ணு. இப்ப உள்ள வாங்க" என்றாள் செஃபெரினா. கையெல்லாம் மாவு.

உள்ளே உட்கார வைத்துத் தெரெரே கொடுத்தாள். மாப்பிள்ளை பெட்டியைப் பற்றி ஆரம்பத்திலிருந்து சொன்னான். அவன் சொல்லச் சொல்ல அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் மாப்பிள்ளைக்கு வாய் அடங்கவில்லை, "அம்மா, நீங்க மட்டும் வந்து ஒரு இருநூறு தடவ தட்டினீங்கன்னா..." என்று ஆரம்பித்துவிட்டான். நான் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன்.

"தம்பி, என்னப் பல பேரு பல மாதிரி சொல்லியிருக்காங்க. கொசுன்னு யாரும் சொன்னதில்ல" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "வர்ற ஞாயித்துக்கெழம நாலு மணிக்கு வர்றேன். ஒரே ஒரு தடவதான் தட்டுவேன். கேட்டா கேட்டுது, கேக்கலன்னா பெஞ்சும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றாள்.

அவள் சொன்னால் சொன்னதுதான். எட்டு மாதம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், தெரியும். வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை பெட்டியைக் கழற்றிப் போர்வையில் சுற்றி அலமாரியில் வைத்துப் பூட்டி, காகுபே மாதா படத்துக்கு முன்னால் நின்று, இனி மனுஷர் வருவதை மனுஷர்தான் கேட்கணும் என்று சத்தியம் செய்தான். நிமியா சாவியைத் தன் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள். ஞாயிறு மத்தியானமே கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு நானே உட்காரப் போகிறேன். ரேடியோ கிடையாது. ஒரு தட்டல் போதும், இந்தக் காதுக்கு. ஆகவே நீ அவசரமாகப் புறப்பட்டு வர வேண்டாம். ஒன்று மட்டும் அடித்துச் சொல்கிறேன் அக்கா: மனுஷர் காது செய்கிற வேலையை எந்தப் பெட்டியும் செய்யாது. இதை உன் பேரப்பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டு.

உன் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும், உன் பிள்ளைகள் உன்னைத் தனியாகச் சாப்பிட விடாமல் இருக்கட்டும், மாதா உன் முழங்காலில் கை வைக்கட்டும். எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும். மைதே உனக்கு ஒரு முத்தம் அனுப்புகிறாள், அவளுக்கு நான் எழுதுவது தெரியாது, ஆனாலும் அனுப்புவாள்.

இப்படிக்கு,
உன் தம்பி தியோஃபிலோ
(கட்டை விரல் இல்லை, கையெழுத்து)

பின்குறிப்பு, ஞாயிறு சாயங்காலம். மேலே மாப்பிள்ளையைப் பற்றியும் பெட்டியைப் பற்றியும் மனுஷர் காதைப் பற்றியும் எழுதியதையெல்லாம் நீ ஒரு கோடு போட்டு அடித்துவிடு, எனக்கு மறுபடி எழுதக் கை இல்லை. பன்னிரண்டு மணிக்கே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். வெயில், வயிறு நிறைய மாண்டியோகாக் கிழங்கு, எப்போது கண் அசந்தேன் என்று எனக்கே தெரியாது. நாலு மணிக்கு அவள் வந்து, மூன்றடி தூரத்தில் குறட்டை விடுகிற என்னைப் பார்த்துக்கொண்டே, சொன்ன சொல் தவறாமல் ஒரே ஒரு தடவை தட்டியிருக்கிறாள். எனக்குக் கேட்கவில்லை. திரும்பிப் போக ஒரு அடி எடுத்து வைத்தாளாம். அப்போது மாமரத்து மேலிருந்து அந்த ஸ்பெயின் டாக்டரம்மா தெருவே கேட்க முழங்கினாள்: "செஃபெரினா வந்திருக்கிறார், செஃபெரினா வந்திருக்கிறார்." கேட் தானே திறந்தது. நான் நாற்காலியோடு கவிழ்ந்தேன். மாப்பிள்ளை அலமாரியில் பூட்டியது என் பழைய ரேடியோவை. வீட்டுக்கு வந்த அந்த வியாழக்கிழமையே, அந்த நாற்பத்தொரு தட்டலையும் பெட்டிக்குத் திரும்பத் திரும்பக் கேட்க வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்து மரத்தில் ஏற்றியிருக்கிறான், சத்தியம் செய்த வாயோடு. நிமியா கழுத்துச் சாவியைத் தொட்டுப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள், அவனுக்கு இரண்டு முட்டை பொரித்தாள். செஃபெரினா, பெட்டியை இறக்கச் சொல்லி, வீட்டு ஆள் வரிசையில் தன் பெயர் இருக்கிறதா என்று கண்ணாடியில் தானே படித்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள். சிபா சூடாக இருந்தது. டிசம்பரில் காகுபே திருவிழா முடிந்ததும் கல்யாணம், நீ கட்டாயம் வர வேண்டும். கேட்டில் நின்று தைரியமாகத் தட்டு. நீயும் சின்ன வயதில் என்னோடு சூளையில் செங்கல் தூக்கியவள்தானே. "பலகை விழுந்தது" என்று கேட்டால் நானே ஓடி வந்து திறப்பேன்.